18 வயது முடிந்த தம்பிக்கு உதவித்தொகையும் பாதுகாவலர் சான்றும் வாங்கிய அனுபவம்

என் தம்பிக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அப்பா காலமான பிறகு அவனுக்காக அரசு அலுவலகங்களுக்கு அலைகிற வேலையெல்லாம் என் கைக்கு வந்தது. இதே நிலையில் இருக்கிற அக்கா, அண்ணன்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். முன்பு 1,500 ஆக இருந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை), ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் கேட்பார்கள். தம்பியின் பழைய சான்று சிறுவயதில் வாங்கியது. அதனால் முதல் வேலையே மறு மதிப்பீடு.

அரசு மருத்துவமனையில் உளவியலாளர் முதலில் மரப்பலகை ஒன்றை வைத்தார். நட்சத்திரம், வட்டம், சதுரம் என்று குழிகள் இருக்கும். அதற்குரிய கட்டைகளை எடுத்துப் பொருத்த வேண்டும். தம்பி வட்டத்தை உடனே வைத்துவிட்டான். நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பஸ் பார்க்க ஆரம்பித்தான். அதற்கப்புறம் அம்மாவிடம் கேள்விகள். சட்டைப் பொத்தான் போடுவானா, தானாகக் குளிப்பானா, தனியாகக் கடைக்குப் போவானா? இந்த வாய்மொழிக் கேள்விகளை வைத்துத்தான் பெரும்பாலும் சதவீதம் முடிவாகிறது. அம்மாவுக்கோ அவனைப் பற்றிக் குறை சொல்லிப் பழக்கமே கிடையாது. "கடைக்குப் போவான் சார், அதெல்லாம் பண்ணிடுவான்" என்றார். "மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிட்டு வருவானாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சீட்டைப் பார்த்துச் சாமான் கொடுப்பதும், மீதியைப் பையில் போட்டு அனுப்புவதும் தெருமுனைக் கடை அண்ணாச்சிதான். அதைச் சொன்ன பிறகுதான் அவர் எழுதினார். சான்றிதழில் 75 சதவீதம் வந்தது. பிள்ளையின் சமர்த்தைச் சொல்லத்தான் எந்தத் தாய்க்கும் வாய் வரும். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் சொல்ல வேண்டியது, நாம் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை.

விண்ணப்பம் கொடுத்தவுடன் பணம் வந்துவிடாது. வரிசைப்படி ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டும். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்கினால் இது கிடைக்காது, இரண்டில் ஒன்றுதான்.

உண்மையான முட்டுக்கட்டை, அவன் பெயரில் கணக்கு தொடங்கப் போன பேங்கில். 18 வயது வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். 18 முடிந்த மறுநாளே சட்டத்தின் கண்ணில் அவன் தனி ஆள். கையெழுத்துப் போடத் தெரியாத தனி ஆள்! "அவரே வந்து கையெழுத்துப் போடணும், இல்லேன்னா கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கோர்ட் தேவையே இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் உள்ளூர் மட்டக் குழு இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு இந்தக் குழுவே சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் மட்டுமல்ல, உறவினரும் விண்ணப்பிக்கலாம். அம்மாவின் வயதை யோசித்து என் பெயரிலேயே போட்டோம். அம்மா சம்மதக் கடிதம் கொடுத்தார்.

கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்குத் தம்பியையும் அழைத்துப் போனோம். பெயர் கேட்டதற்கு, வந்த பஸ்ஸின் நம்பரைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கல்யாணமாகி வேற ஊருக்குப் போனா இவர் எங்க இருப்பார்?" என்று என்னிடம் கேட்டார்கள். கூச்சமாக இருந்தாலும் நியாயமான கேள்வி. சான்று கைக்கு வந்ததும் அதோடு ரிசர்வ் வங்கியின் 2007 சுற்றறிக்கையையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரையே பார்த்தேன். இந்தக் குழு தரும் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று அதில் இருக்கிறது. அன்றே கணக்கு தொடங்கிவிட்டார்கள்.

சான்று வாங்கியவர்களுக்கு வேலை தொடரும். 6 மாதத்துக்குள் அவனுடைய சொத்து விவரம், பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தனி. கையோடு நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள்: ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. ஆனால் நாம் செலவழித்து, பில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பணம் இப்போது மாதாமாதம் வருகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிய தேவை, பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். சட்டம் உறுதி தரும் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரைதான். அதற்குப் பிறகு சிறப்புப் பள்ளி கதவைச் சாத்திவிடுகிறது. 25 வயதுக்காரனுக்குப் பகல்நேர மையம் எங்கள் ஊரில் தனியாரிடம்தான் இருக்கிறது. அவர்கள் கேட்கும் கட்டணத்தில் பாதிக்குக்கூட 2,000 போதாது. அரசு மானியத்தில் பெரியவர்களுக்கான மையங்கள் நடப்பது பக்கத்து மாவட்டத்தில். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களுக்கு மட்டும் அவனைத் தங்கவைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள்.