நீலத்திலிருந்து மஞ்சளுக்கு: ஒரு சான்றிதழின் பார்டர் கதை

எங்கள் ஊர் நூலகத்தில் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு வாசிப்புப் போட்டி நடத்தினார்கள். கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. வலைப்பக்கத்தில் பெயரைத் தட்டினால் சான்றிதழ் திரையில் வர வேண்டும். அதை அச்செடுக்கவும் முடிய வேண்டும். அந்தப் பக்கத்தைச் செய்து தரும் வேலை என்னிடம் வந்தது. நூலகர் அம்மா ஒரு தாளில் மாதிரி வரைந்து கொடுத்திருந்தார். மூலைகள் வளைந்திருந்தன, சுற்றிலும் ஓடிய பார்டர் இடப்புறம் நீலமாகத் தொடங்கி வலப்புறம் மஞ்சளாக முடிந்தது. வண்ணப் பென்சிலால் அவர் ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைத்திருந்த விதம் அத்தனை அழகு. அதைக் குறைவில்லாமல் திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். அதில் முதலில் பார்டரின் நிறத்தைச் சொல்லும் ‘பார்டர்-கலர்’ பண்புக்கு, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதைக் குறிக்கும் ‘லீனியர்-கிரேடியன்ட்’ மதிப்பைக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. பிரவுசரின் ஆய்வுப் பலகையில் அந்த வரி செல்லாது என்று குறுக்கே கோடு போட்டுக் காட்டப்பட்டிருந்தது. சிஎஸ்எஸ் கணக்கில் கிரேடியன்ட் ஒரு நிறமே அல்ல, அது ஒரு படம். படத்தை ஏற்கும் பண்புகளில்தான் அதற்கு இடம். இது மனத்தில் பதிந்த பிறகுதான் அடுத்தடுத்து வந்த சிக்கல்களுக்குக் காரணம் பிடிபட்டது.

படத்தை ஏற்கும் பார்டர் பண்பு ‘பார்டர்-இமேஜ்’. அதில் கிரேடியன்டைக் கொடுத்ததும் நான்கு மூலைகளிலும் பொட்டு வைத்ததுபோல் நான்கு சிறு சதுரங்கள் மட்டும் தெரிந்தன. பக்கங்கள் காலி. படத்தை எப்படி வெட்டுவது என்று சொல்லும் ‘ஸ்லைஸ்’ மதிப்பு, நாம் தராவிட்டால் 100 சதவீதம். அப்போது முழுப் படமும் ஒவ்வொரு மூலைக்கும் போய்விடுகிறது; பக்கங்களுக்கு மிச்சம் இல்லை. கிரேடியன்டுக்குப் பின்னால் ஸ்லைஸ் மதிப்பாக 1 என்று சேர்த்தேன், பார்டர் முழுதாக வந்தது. ஆனால் மூலைகள் கூராக இருந்தன. ‘பார்டர்-ரேடியஸ்’ பின்னணியை வளைத்து வெட்டும், பார்டர் படத்தைத் தொடாது. நேர்மூலைச் சட்டத்துக்கு இந்த ஒரு வரியே போதும். எனக்கு வளைவு வேண்டும் என்பதால் இதை விட்டேன்.

அடுத்த வழி, பார்டரை ‘டிரான்ஸ்பரன்ட்’ ஆக்கிவிட்டு, அதன் அடியில் இரண்டு பின்னணிகளை அடுக்குவது. மேலடுக்கு வெள்ளை, பார்டருக்கு உட்பக்கம் மட்டும். கீழடுக்கு கிரேடியன்ட், பார்டரின் வெளி விளிம்பு வரை. வெள்ளையை வெறும் நிறமாக எழுதியபோது முழு வரியும் செல்லாமல் போனது. பல அடுக்குகள் இருந்தால் கடைசி அடுக்கில் மட்டுமே நிறம் எழுதலாம். மேலே இருப்பவை படமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் வெள்ளையில் தொடங்கி வெள்ளையிலேயே முடியும் ஒரு கிரேடியன்டை எழுதினேன். விசித்திரமாகத் தோன்றினாலும் அதுதான் சரியான வழி.

இப்போது வளைவு வந்தது. நிறம்தான் எங்கோ பிசகியது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் ஓரம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு ஒழுங்காகப் போகிறது. நீலமாக இருக்க வேண்டிய இடப்பக்கமோ 4 பிக்சல் அகலத்துக்கு மஞ்சள், வலப்பக்கம் நீலம். எவ்வளவு தூரம் காட்டுவது என்பதை மட்டும் ‘பேக்கிரவுண்ட்-கிளிப்’பில் சொல்லியிருந்தேன். படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது ‘பேக்கிரவுண்ட்-ஆரிஜின்’ வேலை. அதன் இயல்பு மதிப்பு ‘பேடிங்-பாக்ஸ்’. ஆகவே பார்டருக்கு உள்ளேதான் படம் தொடங்குகிறது. பின்னணிப் படம் தானாகவே திரும்பத் திரும்ப வரும் என்பதால், பார்டரின் மேல் விழுவது அடுத்தடுத்து ஒட்டிய நகல்களின் விளிம்பு. இடப்பக்கம் தெரிந்தது முந்தைய நகலின் முடிவு, அதாவது மஞ்சள். சுருக்க வடிவமான ‘பேக்கிரவுண்ட்’ வரியில் கிரேடியன்டுக்குப் பின் ‘பார்டர்-பாக்ஸ்’ என்று ஒருமுறை எழுதினால் அந்த மதிப்பு கிளிப், ஆரிஜின் இரண்டுக்கும் சேர்ந்து பொருந்தும். எழுதினேன், நேரானது.

இருந்தும் நூலகர் அம்மாவின் பென்சில் அழகு வரவில்லை. நடுவில் சாம்பல் பூத்திருந்தது. முழு நீலத்துக்கும் முழு மஞ்சளுக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் மூன்றும் ஏறக்குறைய 128. அது சுத்தமான சாம்பல். வழக்கமான கலப்பு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. கிரேடியன்டில் திசைக்குப் பின் ‘இன் ஓகேஎல்சிஎச்’ (நிறத்தை வட்டத்தில் ஒரு கோணமாகக் கணக்கிடும் முறை) என்று சேர்த்தால் பிரவுசர் நிறவட்டத்தின் வழியே போகிறது. நீலம் பச்சையாகிப் பிறகு மஞ்சளாகிறது. மாதிரித் தாளிலும் நடுவில் பச்சைதான் படிந்திருந்தது. அதைத் திரையில் பார்த்த கணம் மனம் நிறைந்தது. இதை அறியாத பழைய பிரவுசர்களுக்காகச் சாதாரண வரியை மேலேயே எழுதிவைத்தேன்.

பெயர்ப் பட்டியல் பக்கத்தில் அட்டைகளுக்குப் பின்னால் நூலகத்தின் புகைப்படம் தெரிய வேண்டும் என்றார்கள். வெள்ளை அடுக்கு அதை மறைக்கும். அங்கே சிஎஸ்எஸ் மூலமே உருவாகும் ‘பிஃபோர்’ போலி உறுப்பு ஒன்றை அட்டை அளவுக்கு விரித்து, 4 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து, எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் ‘மாஸ்க்’ கொண்டு நடுப்பகுதியை வெட்டி எடுத்தேன். நடுப்பகுதியை நீக்கச் சொல்லும் ‘மாஸ்க்-காம்போசிட்: எக்ஸ்குளூட்’ என்ற வரி ‘மாஸ்க்’ வரிக்குக் கீழேதான் வர வேண்டும். மேலே எழுதினால் சுருக்க வரி அதை அழித்துவிடும்; அட்டை முழுக்க நிறம் அப்பிக்கொள்ளும். இன்னொன்று, வெட்டப்பட்ட நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிளிக்கைப் பிடித்துக்கொள்கிறது. பெயரைத் தட்டினால் சான்றிதழ் திறக்கவில்லை. கிளிக்கைப் பிடிக்காதே என்று சொல்லும் ‘பாயின்டர்-ஈவென்ட்ஸ்: நன்’ சேர்த்ததும் திறந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது நூலகர் அம்மா அழைத்தார். “தம்பி, திரையில் இருக்கும் பார்டர் தாளில் வரவில்லையே!” மை மிச்சமாகட்டும் என்று பிரவுசர்கள் பின்னணியை அச்சிடாமல் விடுவது வழக்கம். என் பார்டர் முழுவதும் பின்னணிதான்; அதற்கு மேல் இருப்பது வெறும் டிரான்ஸ்பரன்ட். நிறங்களை அப்படியே அச்சிடச் சொல்லும் ‘பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட்: எக்ஸாக்ட்’ என்ற வரியையும், பழைய பிரவுசர்களுக்காக அதையே முன்னால் ‘வெப்கிட்’ என்று சேர்த்து எழுதும் வடிவத்தையும் சேர்த்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மேசையில் முதல் சான்றிதழ். பக்கத்தில் அவர் வரைந்த மாதிரித் தாள். இரண்டிலும் நடுவில் அதே பச்சை.