அடகுச் சீட்டு: ஒரு குறும்படத் திட்டத்தின் நாட்குறிப்பு

மே 3, சனி. சுங்கை சிப்புட், மலேசியா

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் சண்டை, எட்டு நிமிடப் படம். இதுவரை உறுதியானது இவ்வளவுதான். எதை வைத்துச் சண்டை என்பதற்கு மூன்று யோசனைகள் இருந்தன.

முதலாவது அம்மாவின் வீடு. வீடு யார் பெயரில் இருக்கிறது, உயில் உண்டா, வங்கிக் கடன் தீர்ந்ததா என்று வசனத்திலேயே பாதிப் படம் போய்விடும். இரண்டாவது, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம். துண்டு துண்டாக விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களை வாங்குவதற்காக அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து காசு போட்டதும் இந்த ஊரில் பெரியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வெளியே பார்ப்பவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். அதைத் தனிப் படமாகத்தான் எடுக்க வேண்டும்; எட்டு நிமிடத்துக்குள் திணித்தால் அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது அடகுச் சீட்டு. கையில் பிடிக்கலாம், மடிக்கலாம், ஒளித்து வைக்கலாம். கெடு தேதியும் அதிலேயே இருக்கும், ஆறு மாதத் தவணை. கதைக்குத் தேவையான நெருக்கடியை அந்தத் தேதியே கொடுத்துவிடுகிறது. சீட்டுதான்.

மே 5, திங்கள்

அம்மா இறந்து பதினாறாம் நாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குசினியில் அக்கா, தங்கச்சி இருவர் மட்டும். சத்தம் போட முடியாத இடத்தில் நடக்கும் சண்டை என்பதுதான் இந்தப் படத்தின் பலம். அரிசி டின்னை எடுக்கும்போது அடியில் இருக்கும் சீட்டு தங்கச்சி கண்ணில் படுகிறது. அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது.

யார் பக்கம் நியாயம் என்பதைக் கணக்குப் போட்டே எழுத வேண்டும். கிள்ளானில் வேலை செய்யும் தங்கச்சி மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பியிருக்கிறாள். அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாதத்துக்கு 13 நடை. ஈப்போவுக்குப் போய் வரக் காடி (கார்) வாடகை 40 வெள்ளி என்று வைத்தால் 520 ஆகிறது. அனுப்பிய காசு காடிக்கே பற்றவில்லை. ஆனால் அக்கா அதை ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை, சங்கிலியை வைத்ததையும் சொல்லவில்லை. தங்கச்சி கேட்பது நியாயம், அக்கா செய்ததும் நியாயம். இருவரில் ஒருத்தி பொய்க்காரி என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிட்டால் படம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

மே 8, வியாழன்

ஒரு திருத்தம். டின்னுக்கு அடியில் மூன்று சீட்டு இருப்பதாக எழுதியிருந்தோம், மூன்று முறை புதுப்பித்ததைக் காட்ட. அது தவறு. வட்டி கட்டிப் புதுப்பிக்கும்போது பழைய சீட்டைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும், ஆகவே கையில் ஒன்றுதான் இருக்கும். வட்டி கட்டிய தேதிகளை அக்கா பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பாள். சீட்டை நாமே தட்டச்சு செய்து அச்சடிக்க வேண்டும். உண்மையான சீட்டைப் படம் பிடித்தால் கடையின் பெயரும் யாரோ ஒருவரின் அடையாள அட்டை எண்ணும் திரையில் வந்துவிடும்.

மே 12, திங்கள். விசாகம்

எல்லாருக்கும் விடுமுறை என்பதால் கைக்கடிகாரத்தோடு வாசிப்பு. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. ஏழு பக்கம் பதினொரு நிமிடம் ஓடியது. அடக்கிப் பேசும் சண்டையில் வாய் பேசுவதைவிட இடைவெளி அதிகம். 41 வசனங்களை 26 ஆக்கினோம்.

இன்றைக்கு உருப்படியாக நடந்தது வேறு. தங்கச்சி ‘அக்கா’ என்று எத்தனை முறை சொல்கிறாள் என்று எண்ணிப் பார்த்தோம். ஒன்பது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. இப்போது மாற்றியாகிவிட்டது. தொடக்கத்தில் வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டி வரும்: “சாப்பிட்டியாக்கா?”, “உப்பு போட்டியாக்கா?” சீட்டைப் பார்த்த பிறகு அந்த வால் அறுந்துவிடும்: “சங்கிலி எங்க?” இவ்வளவு போதும், முகத்தைச் சுளிக்கக்கூட வேண்டாம். நம் காதுக்கு அது அறை விழுந்த மாதிரிதான். அக்கா அதுவரை “பாப்பா” என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த வரியில் மரியாதைக்குத் தாவுகிறாள்: “நீங்க டவுன்காரங்க, ஒங்களுக்கு எல்லாம் கணக்குத்தான்.” கூடப் பிறந்தவளை ‘நீங்க’ என்று சொல்வதைவிடக் கொடிய வசை எழுத வராது.

கடைசியில் ஒரே ஒரு முறை திரும்ப வரும். “க்கா, சட்டிய எறக்கு, வடை கருகுது.” மன்னிப்போ கட்டிப்பிடிப்போ கிடையாது.

மே 17, சனி

வீடு பார்த்தாயிற்று. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடு) விட்டு வந்தவர்களுக்கான மலிவு விலைத் தாமான் (குடியிருப்பு) வீடு. பின்னால் இழுத்துக் கட்டிய குசினி, எட்டுக்குப் பத்தடி, தகரக் கூரை, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. அந்தத் தகடுதான் ஆபத்து. மேகம் நகரும்போதெல்லாம் முகத்தில் வெளிச்சம் ஏறி இறங்கும், இரண்டு ஷாட்டை ஒட்டவே முடியாது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சன்னலுக்கு வெளியே ஒரு எல்இடி விளக்கு, சன்னலில் டிரேசிங் தாள்.

சுவர் பச்சை. அந்தப் பச்சை கன்னத்தில் அடிக்கிறது. கேமராவுக்குத் தெரியாத பக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்றில் வைக்காவிட்டால் பழைய டியூப் லைட் திரையில் துடிக்கும்.

பின்கதவைத் திறந்து கேமராவை வெளியே வைத்தால் நான்கு அடி கூடுதலாகக் கிடைக்கிறது. 35 மில்லி லென்சில் இருவரும் இடுப்பு வரை வந்துவிடுகிறார்கள்.

மே 19, திங்கள்

ஒலி. இந்தப் படம் கெட்டால் இங்கேதான் கெடும்.

அடக்கிப் பேசுவது வேறு, குசுகுசுப்பது வேறு. குசுகுசுத்தால் தொண்டையில் குரலே இல்லை, காற்றுதான் பதிவாகும். நடிகைகள் குரலோடுதான் பேச வேண்டும், தாழ்த்தி. மைக் தலைக்கு மேல் ஓர் அடிக்குச் சற்று அதிகமான தூரத்தில், ஷாட்டுக்குள் எட்டிப் பார்க்காமல். அவ்வளவு நெருக்கத்தில் மற்ற எல்லாச் சத்தமும் கேட்கும். குளிர்பெட்டியை நிறுத்த வேண்டும், மின்விசிறியையும். விசிறி இல்லாமல் தகரக் கூரைக்குக் கீழே இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள், அதனால் ஒவ்வொரு அமைப்புக்கும் பிறகு வெளியே வந்து வியர்வை துடைக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அடுப்பு எரியக் கூடாது. வடையை முன்னமே சுட்டு எடுத்து, எண்ணெய் கொதிக்கும் சத்தத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.

கூடத்துச் சொந்தக்காரர்கள் டேக் ஓடும்போது வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் பேச்சை மூன்று நிமிடம் தனியே பதிவு செய்து பிறகு அடியில் போடுவோம். எல்லாம் முடிந்ததும் வெறும் குசினியின் அமைதி ஒரு நிமிடம்.

பள்ளிவாசல் பக்கத்தில். பாங்கு நேரங்களை அன்றைய அட்டவணையில் பார்த்து அந்த நேரத்தில் சாப்பாடு, விளக்கு மாற்றுவது. மழைக்குத் தகரத்தின் மேல் சாக்கு விரித்தால் தூறலைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. இந்த மாதங்களில் பிற்பகலில்தான் இடி மழை கொட்டும், ஆகவே வசனம் உள்ளதெல்லாம் மதியத்துக்கு முன்.

மே 24, சனி

ஒத்திகை. அக்கா கைக்குச் சின்ன வெங்காயம் கொடுத்திருந்தோம். கண் எரிந்து, அழக் கூடாத இடத்தில் கண்ணீர் வந்தது. பயித்தங்காய்க்கு மாறினோம். டேக்குக்கு ஆறு காய், பதினைந்து டேக், 90 காய், இரண்டு கிலோ வாங்கினால் மிச்சமே இருக்கும். உடைக்கும் சத்தம் வசனத்தின் மேல் விழுந்தால் வெட்டி ஒட்ட முடியாது, அதனால் பேசி முடித்த பிறகுதான் காய் உடைய வேண்டும். இது தொழில்நுட்பத்துக்காகச் சொன்னது, ஆனால் நடிப்பே மாறிவிட்டது. தங்கச்சி கேட்கிறாள், பதிலுக்கு ஒரு காய் உடைகிறது.

இருவர் முகமும் ஒன்றுபோல இல்லை. பரவாயில்லை. அம்மாவிடமிருந்து வந்த ஒரு பழக்கம் இருவருக்கும் இருந்தால் போதும்: கையைப் பாவாடையில் துடைக்காமல் முழங்கையால் முடியை ஒதுக்குவது. அதை மட்டும் ஒரு மணி நேரம் பழகினார்கள்.

மே 31, சனி

26 ஷாட், இரண்டு நாள். அக்கா எப்போதும் அடுப்பின் இடப்பக்கம், தங்கச்சி வலப்பக்கம், கேமரா கதவுப் பக்கத்திலேயே. சீட்டு கை மாறும்போது தங்கச்சி நடந்து இடப்பக்கம் வருகிறாள். இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது, அவள்தான் இடம் மாற வேண்டும். கேமரா தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரிந்து சண்டை கலைந்துவிடும்.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

கடைகள் மூடல். தார்ப்பாயும் டேப்பும் நேற்றே வாங்கியாகிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல். முதல் ஷாட்டுக்குப் பால்மர (ரப்பர்) காடு வேண்டும். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை)தான், பால்மரம் மிஞ்சியிருப்பது சிறுதோட்டக்காரர் ஒருவரிடம். அவரிடமும் கையெழுத்து. இலை உதிரும் பிப்ரவரி, மார்ச் கடந்து இப்போது காடு அடர்ந்து கிடக்கிறது, காலை எட்டு மணிக்கும் உள்ளே இருட்டு. எட்டரைக்குத் தள்ளிவிட்டோம்.

சாப்பாடு ஒன்பது பேருக்கு, ஆளுக்கு நாளைக்கு 35 வெள்ளி, இரண்டு நாளைக்கு 630. பதிவு மணிக்கு ஏறத்தாழ 45 ஜிபி. இரண்டு சேமிப்புத் தட்டில் நகல் எடுத்துத் திறந்து பார்க்காமல் கேமராவின் எந்த மெமரி அட்டையையும் அழிக்கக் கூடாது.

ஜூன் 13, வெள்ளி

நாளைக் காலை ஏழுக்குத் தார்ப்பாய். முதலில் ‘நீங்க டவுன்காரங்க’ காட்சி. நடிகைகள் களைப்பதற்குள் அது முடிய வேண்டும். மழை முந்திக்கொண்டால் வசனமில்லாத ஆறு ஷாட்டுகள்: டின், சீட்டு, நோட்டு, சட்டி, கை இரண்டு.

குளிர்பெட்டியை நிறுத்தியதும் காடிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அதைத் திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. உள்ளே அந்த வீட்டுக்காரர்களின் மீன் இருக்கிறது.