அரக்குத் தட்டில் ஒரு பியானோ

ஹூஸ்டனில் ஒரு நூலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளைக் கழுவி, ஓடவிட்டு, கணினியில் ஏற்றுவதுதான் வேலை. அந்தத் தட்டுகள் அரக்குக் கலவையில் செய்தவை. அந்தக் காலத்தில் உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்னது, ஸ்பிரிட் பாட்டிலைப் பக்கத்திலேயே வைக்காதே, அரக்கு கரைந்துவிடும் என்று. டிஸ்டில்டு வாட்டர், இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். ஊசியும் பிற்காலத்து எல்பி தட்டுகளின் ஊசியைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் அடியில் போய் உரசி வெறும் இரைச்சலைத்தான் எடுத்து வரும்.

அப்படிக் கழுவிய ஒரு தட்டில்தான் பாடகரும் பியானோ கலைஞருமான மூன் மல்லிகனை முதன்முதலாகக் கேட்டேன். ‘ஐல் செய்ல் மை ஷிப் அலோன்’, என் கப்பலைத் தனியாகவே ஓட்டுவேன் என்கிற பாட்டு. 1950-இல் கன்ட்ரி எனப்படும் அமெரிக்க கிராமியப் பாணிப் பாடல்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. பாடுவதும் அவர், பியானோவும் அவர்.

ஏற்றி முடித்ததும் மென்பொருளில் இரைச்சலைத் துடைத்தேன். கொரகொரப்பு முழுக்கப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தோடு எங்கள் மேலாளரிடம் கொடுத்தேன். அந்த அம்மா டெக்ஸாஸின் பியூமான்ட் ஊர்க்காரர். இந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர். அரை நிமிடம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பாட்டு இருக்கிறது, வாசித்த ஆள் எங்கே என்று கேட்டார். அப்புறம் துடைக்காத பதிவை ஓடவிட்டு, பியானோவின் வலது கையை மட்டும் கவனிக்கச் சொன்னார். உளியால் தட்டுவதுபோல் மேல் சுரங்களில் சுரீர் சுரீரென்று விழுந்துகொண்டிருந்தது. என் பதிவில் அந்த அடியின் முனை மழுங்கிப் போயிருந்தது. அதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் வழித்துவிட்டது. தப்பு மென்பொருளுடையது இல்லை. அளவை அவ்வளவு ஏற்றி வைத்தது நான்.

அந்த வலது கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மல்லிகன் 1909-இல் கிழக்கு டெக்ஸாஸின் போல்க் கவுண்டியில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பைன் மரக் காடும் மர அறுவை ஆலைகளும் நிறைந்த பகுதி அது. பிள்ளைகள் பக்திப் பாட்டு வாசிக்கட்டும் என்று அப்பா ஒரு மிதி ஆர்கனை வாங்கி வைத்தார். பையனோ ஒரு கறுப்பினத் தொழிலாளியிடம் அவர்களுடைய ப்ளூஸ் இசையைக் கற்றுக்கொண்டு அதையே ஆர்கனிலும் வாசித்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சரி என்று மல்லிகன் வீட்டை விட்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார். விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் பியானோ வாசித்துப் பிழைப்பு.

எண்ணெய்க் கிணற்றிலும் ஆலையிலும் வேலை முடித்து வந்தவர்கள் குடித்து, கத்தி, ஆடும் இடத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கிடைப்பது சுவரோரம் கிடக்கும் ஏதோ ஒரு பழைய பியானோ. அந்தச் சத்தத்தில் மென்மையாக வாசித்தால் யார் காதில் விழும்? இடது கை தாளத்தை விடாமல் உருட்டும். வலது கையில் இரண்டே விரல்கள், மேலே போய்க் கொத்தும். மேசையில் பீர் பாட்டில்கள் குதிக்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று அவரே சொன்னதாகப் படித்தபோது, நான் எதைத் துடைத்தெறிந்தேன் என்பது உறைத்தது. அது ஒரு மனிதன் தன் வேலையிடத்தில் இராத்திரி இராத்திரியாக உட்கார்ந்து கண்டுபிடித்த வாசிப்பு.

1947-இல் ‘ஜோலி ப்ளான்’ என்ற, லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் பாட்டை, பிரெஞ்சு தெரியாமலே, வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுப் பாடிப் பெரிய வெற்றி கண்டார். பிறகு கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடையும் கிடைத்தது. ஆனால் பெயர் நிலைக்கவில்லை. கப்பல் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் லோயிஸ் மேன் என்று ஒரு பெயர் இருக்கும். அது அந்தத் தட்டை வெளியிட்ட கிங் ரெக்கார்ட்ஸின் முதலாளி சிட் நேதனின் புனைபெயர். 1952-இல் கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பாடிய ‘ஜம்பலாயா’விலும் மல்லிகனுக்குப் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள், தட்டில் அவர் பெயர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. ராக் அண்ட் ரோல் பியானோக்காரர் ஜெர்ரி லீ லூயிஸ் 1958-இல் அதே கப்பல் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். மல்லிகனிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவர் மறைத்ததில்லை. மல்லிகன் 1967 புத்தாண்டு தினத்தன்று பியூமான்ட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 57.

அந்தத் தட்டை மறுபடி கழுவி, முதலிலிருந்து ஏற்றினேன். இந்த முறை பெரிய கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. பின்னால் வருகிற யாராவது இன்னும் சுத்தமாக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, குறிப்புப் பகுதியில் எழுதி வைத்தேன்: பியானோ, வலது கை, மேல் சுரங்கள். தொட வேண்டாம்.