சிதம்பரத்துல கறுப்புத் திரையும் முயலகனும்

கனகசபை பக்கத்துல கூட்டத்தோட கூட்டமா நின்னா எல்லாரும் தேடறது நடராஜரோட தூக்கின திருவடியத்தான், குஞ்சிதபாதம்னு கன்னத்துல போட்டுக்கறாங்க, சரிதான், ஆனா ஊன்றின வலது காலுக்கு அடியில முயலகன்னு ஒருத்தன் கெடக்கானே அவன யாரும் கண்டுக்கறதில்ல. வஸ்திரம், மாலைன்னு அலங்காரத்துல சரியா தெரியவும் தெரியாது. அம்மா எக்கி எக்கி பாத்துட்டு "எங்கடா அவன், காணவே காணோம்"னாங்க. அபிஷேகத்தப்போ வந்தா பாக்கலாம், ஆனா வருஷத்துக்கு 6 தடவைதான்.

தாருகாவனத்து ரிஷிகள் சிவன் மேல வேள்வித்தீலேந்து புலி, மான், பாம்புன்னு ஏவி விட்டாங்க, இவனையும் அனுப்பினாங்க. புலித்தோல் இடுப்புக்குப் போச்சு, பாம்பு நகையாச்சு, இவன மட்டும் மிதிச்சுக்கிட்டு மேல நின்னு ஆடறார். கொல்லல, அதான் விஷயம். அறியாமையும் மந்தமும் அப்டித்தானே, அமுங்கிக் கெடக்கும், செத்துப் போகாது.

இந்த மந்தத்துக்குத்தான் கீதைல தமஸ்னு பேரு, 14வது அத்தியாயத்துல அது அஞ்ஞானத்துலேந்து பொறக்குது, பிரமாதம், ஆலஸ்யம், நித்திரை மூணையும் வச்சு ஆளைக் கட்டிப்போடும்னு வருது. தூக்கம் சோம்பல்லாம் நமக்கே தெரியும். மொதல்ல சொல்ற பிரமாதம்தான் மோசம், செய்ய வேண்டியத விட்டுட்டு வேற எதையோ பண்றது, தரிசன வரிசைல நின்னுக்கிட்டே பாதிப் பேரு போன நோண்டிட்டு இருந்தாங்களே அது. (நானும் ரெண்டு தடவ எடுத்தேன்.)

அதுக்காக படுத்திருக்கறதெல்லாம் தமஸ்னு சொல்லிடாதீங்க, அதே எடத்துல நின்னு திரும்பினா கோவிந்தராஜப் பெருமாள் சயனத்துல இருக்கார், அது அறிதுயில், எல்லாம் அறிஞ்சுக்கிட்டே தூங்கறது, கணக்கே வேற.

அப்புறம் திரைக்குப் பின்னால இருக்கற சிதம்பர ரகசியம். திரை வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு, கறுப்பு அறியாமைக்கும் சிவப்பு ஞானத்துக்கும்னு சொல்வாங்க. தீட்சிதர் விலக்கி ஆரத்தி காட்டினதும் தங்க வில்வ மாலை சரம் சரமா தொங்கறது மினுங்குச்சு, பின்னால வெறும் வெளி. "அவ்ளோதானா?"ன்னு பின்னாடி ஒருத்தர் கேட்டுட்டார், பாவம்.

இதே தில்லையில வாழ்ந்தவர் உமாபதி சிவம், 14ஆம் நூற்றாண்டு. திருவருட்பயன்ல ஒண்ணு சொல்றார், இருட்டு மத்த பொருளக் காட்டாது ஆனா தான் இருக்கறதயாவது காட்டும், ஆணவ மலம், அதாவது உயிரோட அறிவ மறைக்கற அழுக்கு, தன்னையும் காட்டாதாம். சைவ சித்தாந்தத்துல ஆணவமும் தமோ குணமும் ஒண்ணு இல்ல, குணமெல்லாம் மாயை பக்கம், ஆனா இந்த ஒளிஞ்சிருக்கற புத்தி ரெண்டுக்கும் பொதுன்னுதான் எனக்குப் படுது. சோம்பேறிய கேட்டுப் பாருங்க, நிதானமா இருக்கேன்பான். அப்டிப் பாத்தா அந்தத் திரை கறுப்புன்னு நம்ம கண்ணுக்குத் தெரியறதே பாதி அருள்தான்.

அதுக்குள்ள திரை விழுந்துடுச்சு, நகருங்க நகருங்கன்னு சத்தம். அம்மா வில்வத்த சரியாவே பாக்கலன்னு திரும்பவும் போய் வரிசைல நின்னுட்டாங்க.