மீந்த சோறும் சாம்பாரும் பக்கெட்டில் நாறாமல் மட்க

வீட்டில் சமையலறைக் கழிவைப் பக்கெட்டில் மட்க வைத்து உரம் தயாரிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே பக்கெட்டை ஓரங்கட்டிவிடுகிறார்கள். காய்கறித் தோலும் வாழைப்பழத் தோலும் மட்டும் விழுந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ஒருநாள் மீந்த சோறும் சாம்பாரும் உள்ளே போனதும் நாற்றம், ஈ, புழு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இதனாலேயே ‘சமைத்ததைப் போடவே கூடாது’ என்று ஒரு விதி பரவியிருக்கிறது. அப்படி ஒதுக்கிய சோறு பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டபடி குப்பை வண்டிக்குப் போகிறது. ஈரக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அந்த முடிச்சை அவிழ்த்துப் புளித்த சோற்றுக்குள் கைவிடுகிறவர் தூய்மைப் பணியாளர். சமைத்த மீதத்தையும் வீட்டிலேயே மட்க வைக்க முடியும். அதற்குத் தண்ணீரையும் காற்றையும் கவனித்தால் போதும்.

மீந்தது எல்லாமே உரத்துக்குப் போக வேண்டியதில்லை. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. வெயில் காலத்தில் சோற்று வடகம். மாட்டுக்குப் போடலாம் என்றால் ஒரு எச்சரிக்கை: வைக்கோலோடு ஒரு கைப்பிடி போவதில் கெடுதல் இல்லை. ஆனால் விருந்தில் மீந்த சோற்றை அண்டாவோடு கொண்டுபோய்க் கொட்டினால், அது மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமில நோய் வரும், மாடு செத்தும் போகலாம். பையோடு வைத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உள்ளே போகும்.

இப்போது பக்கெட். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் இரண்டு. ஒன்று நிரம்பிய பிறகு அது மட்கிக்கொண்டிருக்க, மற்றதில் போட ஆரம்பிக்க வேண்டும். பக்கவாட்டில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் துளைகள் இருபது முப்பது, அடியில் ஐந்தாறு. துளை பெரிதானால் ஈ இன்னும் எளிதாக நுழையும். அடியில் ஒரு தட்டு, தட்டில் படாமல் பக்கெட்டைத் தூக்கி நிறுத்த இரண்டு செங்கல். முதல் அடுக்காகத் தேங்காய் நார், சிறு குச்சிகள் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு. அதன்மேல் பழைய மட்கு உரம் இரண்டு கைப்பிடி. அது கிடைக்காவிட்டால் காய்ந்த சாணத் தூள், அதுவும் இல்லையென்றால் புளித்த மோர் தெளித்த நார்த்தூள்.

சேர்க்கும் உலர்பொருளில்தான் எல்லாம் இருக்கிறது. தென்னை நார்த்தூள் சிறந்தது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். செங்கல் வடிவில் அழுத்தி விற்பதை வாங்கினால், செடித்தொட்டிக்குச் செய்வதுபோல் முழுதாக ஊறவைக்காதீர்கள். உதிர்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து உதிர்த்து, வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள். ஈரமான நார்த்தூள் சாம்பாரை எப்படி உறிஞ்சும்? காய்ந்த சருகும் நல்லதே. மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது இரண்டு மூட்டை சேர்த்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கை கொடுக்கும். மாவிலை மெழுகுப் பூச்சு உள்ளது, நொறுக்கிப் போட்டாலும் மெதுவாகத்தான் மட்கும். மரத்தூள் வாங்கினால் மரம் அறுக்கும் இடத்தில் வாங்குங்கள். பிளைவுட் அறுத்த தூளில் பசை கலந்திருக்கும்.

காய்கறிக் கழிவுக்கு அதே கொள்ளளவு உலர்பொருள் போதும். சமைத்ததற்கு இரண்டு மடங்கு வேண்டும், ஒரு நாள் போடுவதில் சமைத்தது கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. குழம்பு, ரசம், கூட்டு எதுவானாலும் முதலில் வடிதட்டில் கொட்டித் தண்ணீரை வடியுங்கள். எண்ணெய் மிதந்தால் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுங்கள். சோற்றைக் கட்டியாகப் போடவே கூடாது. ஒரு தட்டில் நார்த்தூளைக் கொட்டி, அதில் சோற்றைப் போட்டு, பருக்கை தனித்தனியாகப் பிரியும்வரை பிசிறிவிட்டு, பிறகு பக்கெட்டில் பரப்புங்கள். மேலே 2 சென்டிமீட்டர் உலர்பொருள் மூடாக்கு. வாரம் இருமுறை ஒரு கம்பால் அடிவரை கிளறுங்கள்.

இந்தப் பாடு எதற்கு என்றால், நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். அரிசி அந்த அளவுக்கு ஏறக்குறைய ஒத்தே இருக்கிறது, அதில் சத்துக் குறைபாடு இல்லை. வெந்த மாவு குழைந்து, காற்றுப் புகாத உருண்டையாகிவிடுவதுதான் அதன் குறை. உருண்டைக்குள் புளிப்பு ஏறும். பருப்பு இதற்கு நேர் எதிர். புரதம் மிகுந்தது, தழைச்சத்து மிஞ்சி அமோனியாவாக வெளியேறும். ஆகவே நாற்றத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடலாம். புளித்த மாவு வாடை என்றால் சோறு கட்டியிருக்கிறது, உடைத்துக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் கார நெடி என்றால் பருப்பு மிகுதி, சருகோ நார்த்தூளோ சேருங்கள். அழுகின முட்டை நாற்றம் என்றால் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. துளை அடைத்திருக்கும், குச்சியால் குத்தித் திறந்து, முழுவதையும் வெளியே கொட்டி, உலர்பொருள் கலந்து திரும்பப் போடுங்கள். ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

புழுவைக் கண்டதும் பக்கெட்டைக் கொட்டிவிடாதீர்கள். தட்டையாக, பழுப்பாக, வரிவரியாகத் தடித்து இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. சமைத்த உணவை வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈயைப் போல நம் தட்டில் மொய்க்கவும் செய்யாது. மெல்லிய வெள்ளைப் புழுவானால் வீட்டு ஈயுடையது. சோற்றை மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வெயில் காலத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், அதனால் மூடாக்கை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. அப்போதைக்கு 5 சென்டிமீட்டர் உலர்பொருள் போட்டு மூடியை இறுக்குங்கள்.

இறைச்சி, மீன், எலும்பு ஆகியவற்றை அடுக்குமாடியில் போட வேண்டாம் என்றே சொல்வேன். 20 லிட்டர் பக்கெட்டில் சூடு தங்காது. கிருமிகளைக் கொல்லும் 55 டிகிரியை எட்டிப் பல நாள் நிற்பதற்கு ஒரு கன மீட்டர் அளவாவது குவியல் வேண்டும். மண் இருக்கிற வீட்டில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம். அதைவிட ஆழம் குறைவாகப் புதைத்தால் நாயும் பெருச்சாளியும் தோண்டிவிடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றுக்கும் இடமே இல்லை. உப்பு மட்காது. உரத்தில் அப்படியே தங்கி, செடியின் இலை நுனியைக் கருக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம்.

நிரம்பிய பக்கெட்டை வாரம் ஒருமுறை கிளறி, நிழலில் 45 நாளாவது விட்டு வையுங்கள். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வந்தால் சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து, பத்து வெந்தயம் ஊன்றிப் பாருங்கள். நான்கைந்து நாளில் எட்டு விதையாவது முளைத்தால் தொட்டிக்குப் போடலாம். குறைந்தால் உரம் இன்னும் பக்குவப்படவில்லை, அல்லது உப்பு மிகுந்திருக்கிறது. பதினைந்து நாள் கூடுதலாக விட்டுச் சோதியுங்கள். அப்போதும் முளைக்காவிட்டால் உரத்தை ஓட்டைப் பாத்திரத்தில் வைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பு வடியவிட்ட பிறகு பயன்படுத்துங்கள்.