கொடிமலையில் மழை விலகிய பத்து நிமிடம்

அக்டோபரில் பினாங்குக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "மழை நேரத்துல போயி என்னத்தப் படம் எடுப்ப?" என்றுதான். அந்த மழைக்காகவேதான் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். பருவக்காற்று திசை மாறுகிற மாதம் அது. காலையில் சுள்ளென்று வெயில், மதியத்துக்கு மேல் இடி, அந்தி சாயும்போது மறுபடி வெளிச்சம். படம் எடுப்பவனுக்கு இதைவிட நல்ல வானம் கிடையாது.

முதல் நாள் கோட்டைவிட்டேன். இரவில் சுமத்ரா பக்கம் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியும் நேரத்தில் இந்தக் கரைக்கு வருவதுண்டு. அன்று காலை, பினாங்கின் ‘பத்து ஃபெரிங்கி’ என்ற கடற்கரையில் அதை நேருக்கு நேர் பார்த்தேன். கருநீல மேகம் சுவர் மாதிரி நகர்ந்து வந்தது. அதன் அடியில் கடல் ஈயம்போல வெளுத்துக் கிடந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தால் எல்லாமே வெள்ளை! இரவெல்லாம் ஏர்கோன் அறையில் குளிர்ந்திருந்த லென்ஸ், புழுக்கமான காற்று பட்டதும் ஆவி பிடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படிந்தது. அது தெளிவதற்குள் மழை தலைமேல் கொட்டிவிட்டது. ஒரு படம்கூட இல்லை. அன்றிரவு கேமரா பையை ஏர்கோன் எட்டாத குளியலறையில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் மாலை கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். 1923 முதல் ஓடும் மலை ரயில். ஏறி உச்சியில் இறங்கினால் ஜார்ஜ்டவுனும் நீரிணையும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தும் காலடியில் விரியும். வடக்கே, கெடாவில், ஜெராய் மலை. கடாரத்துக்கு வந்த பழைய கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்ற மலை அது. நான் போனபோது அதன் உச்சி மேகத்துக்குள் இருந்தது.

கேமரா முக்காலியை விரித்து வைத்துக் காத்திருந்தேன். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டில் இடி கேட்டது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நான்கு கிலோமீட்டர். இன்னும் ஒரு படம் எடுக்கலாமே என்று கை துறுதுறுத்தது. முருகன் கோவிலிலிருந்து இறங்கி வந்த ஒரு அக்கா, "தம்பி, அந்த இரும்ப மடக்கிட்டு உள்ள வாங்க. படம் நாளைக்கும் எடுக்கலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. திறந்த மலைமுகட்டில் அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடினேன்.

முக்கால் மணி நேரம் கொட்டியது. கூட்டம் ரயிலுக்கு வரிசை கட்டி இறங்கிவிட்டது. நான் இறங்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சூரியன் 42 பாகைக்குக் கீழே சாய்ந்தால்தான் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும். பினாங்கில் அக்டோபரில் அது நான்கு மணிக்கு மேல். கொடிமலையில் நிற்கிறவன் கிழக்கு பார்த்து நிற்கிறான். மழை நீரிணையைத் தாண்டி ஒதுங்கினால் முதுகில் வெயில், முகத்துக்கு நேரே மழை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதுதான் நடந்தது. இடி தூரத்தில் அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மேற்கே மேகம் கிழிந்து, ஒரு கீற்று வெயில் ஜார்ஜ்டவுனின் உயரமான கொம்தார் கோபுரத்தில் மட்டும் விழுந்தது. சுற்றிலும் ஊர் கருநீலம். அப்புறம் வானவில். மலைமேல் நின்றதால் அதன் கால் வானத்தில் முடியாமல் கடல்வரை இறங்கி நின்றது. லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த போலரைசர் கண்ணாடியை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சிட்டது, இன்னொரு பக்கம் திருப்பினால் இருந்த இடமே தெரியவில்லை. வெயில் பட்ட இடம் வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தேன்; இருட்டை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் பிறகு மீட்டுக்கொள்ளலாம், வெளுத்ததை மீட்க முடியாது. லென்ஸில் விழுந்த தூறலுக்கு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணிதான். நான் கடையில் வாங்கிய எந்தத் துணியும் அதுபோல ஈரம் உறிஞ்சியதில்லை.

பத்து நிமிடம் இருக்கும். பள்ளத்திலிருந்து மஞ்சு மேலேறி வந்து பினாங்குப் பாலத்தை ஒரு முனையிலிருந்து மூடத் தொடங்கியது. தெளிந்த வானத்தில் அந்தப் பாலத்தை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், எல்லாம் ஒரே படம்.

அன்றைய கடைசிப் படத்தில் பாலம் பாதிதான் இருக்கிறது. அதைத்தான் சட்டம் போட்டு அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறேன்.