கைதட்டுவதை நிறுத்திவிட்டேன்

பாராசூட்டோடு குதிக்க எங்களை ஏற்றிப்போகும் ஸ்கைடைவிங் விமானத்துக்குள் எங்களுக்கு இருக்கை கிடையாது. வாலைப் பார்த்தபடி, ஒருவர் கால்களுக்கு நடுவே இன்னொருவராகத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம்.

ஒரு பைலட்டை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். சக்கரம் தரையை விட்டதும் மேலே ஏறமாட்டார். ஓடுபாதையை உரசுவதுபோலத் தாழ்வாகவே வேகமெடுத்து, அது முடிகிற இடத்தில் மூக்கை வெடுக்கென்று தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்புவார். நாங்கள் கூச்சலிட்டுக் கைதட்டுவோம். ஒருமுறை அவர் முதுகுக்குப் பின்னாலேயே எனக்கு இடம். கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். திருப்பம் இன்னும் முடியவில்லை. அவர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு உறைத்தது. எங்களுக்காகத்தானே இதைச் செய்கிறார்!

2019 ஜூன் 21 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில், குதிப்பவர்களோடு கிளம்பிய ஒரு கிங் ஏர் விமானம் தரையை விட்ட சில நொடிகளில் விழுந்தது. 11 பேரும் இறந்தார்கள். பைலட் மூர்க்கமாக மேலேற்றியதே காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். எடை வால்பக்கம் கூடியிருந்ததையும், இடது இறக்கை முறுக்கிக் கிடந்ததையும் சேர்த்தே சொன்னது.

60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். நேராகப் பறக்கப் போதுமான வேகம் அங்கே போதாது, இறக்கை கைவிட்டுவிடும். 10,000 அடியில் என்றால் மூக்கைத் தாழ்த்தி மீட்கலாம். மர உயரத்தில் எப்படி மீட்பது? அப்புறம் பெல்ட் போடாதவர்கள் எல்லோரும் சரிந்து வாலுக்குப் போவார்கள். எடையும் கூடவே போகும்.

நாங்கள் குதித்ததும், எங்களுக்கு முன்னால் தரையைத் தொட விமானத்தோடு பாய்வதும், எடை குறைய எரிபொருளைச் சொட்டுக் கணக்கில் நிரப்புவதும் இதே ரகம்தான். ஆனால் அவற்றுக்கு நாங்கள் கைதட்டுவதில்லை.

பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டாண்டம் குதிக்க முதல்முறை வருகிறவரை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. டேக் ஆஃப் என்றாலே இப்படித்தான் போல என்று நம்பி அவரும் சிரிப்பார்.

அந்தப் பைலட்டைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “நீங்கதானே கேக்கறீங்க, ஒவ்வொரு லோடுலயும்?” என்றார். லோடு என்றால் ஒரு தடவை ஏற்றிப்போகும் கூட்டம். பதில் சொல்ல முடியவில்லை. “இனிமே கேக்க மாட்டேன்” என்றேன்.

அடுத்த லோடு நேராக, நிதானமாக ஏறியது. “இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை.